எடை இறங்கினால் எலும்பு ஸ்கேன் பொய் சொல்லுமா?

கேள்வி – 2024 மார்ச் 3, ஞாயிறு

அம்மாவுக்கு வயது 64. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணமான நாளிலிருந்து பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். இப்போது எங்களோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். 2022-இல் ஈப்போவில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தபோது எடை 71 கிலோ. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) கூடிப்போய், மருந்தை மாற்றி, சோற்றையும் குறைத்து, இப்போது 56 கிலோ. போன வாரம் அதே இடத்தில், அதே மெஷினில் மறுபடி எடுத்தோம். இடுப்பு மூட்டு 0.742-இலிருந்து 0.712-க்கு இறங்கியிருக்கிறது. முதுகெலும்பு 0.853-இலிருந்து 0.884-க்கு ஏறியிருக்கிறது. டாக்டர் இடுப்பைப் பார்த்துவிட்டு மாத்திரை தொடங்கலாமா என்கிறார். மாமா, "கொழுப்பு கரைந்துவிட்டது, மெஷின் ஏமாறுகிறது, எலும்பு அப்படியேதான் இருக்கிறது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மார்ச் 3, இரவு

மாமாவை முழுசாக நம்ப வேண்டாம். அதற்காக டாக்டர் சொன்னதற்கு இப்போதே தலையாட்டவும் வேண்டாம். நான் டாக்டர் இல்லை. எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த ஸ்கேன் மேசையில் மற்றவர்களைப் படுக்கவைத்தும் இருக்கிறேன், நானே படுத்தும் இருக்கிறேன்.

முதலில் கணக்கு. 0.742-இல் 0.030 குறைந்தால் அது 4 சதவீதம். முதுகெலும்பில் ஏறிய 0.031 என்பது 3.6 சதவீதம். எண்கள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது என்பதுதான்.

ஒருவரைப் படுக்கவைத்து எடுத்து, கீழே இறக்கி, உடனே மறுபடி ஏற்றி எடுத்தாலே எண் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தை 2.77-ஆல் பெருக்கினால் ஓர் எல்லை கிடைக்கும். வித்தியாசம் அந்த எல்லையைத் தாண்டினால்தான் "மாறியிருக்கிறது" என்று சொல்ல முடியும். இதற்கு விதி வகுக்கும் ஐ.எஸ்.சி.டி. என்ற சர்வதேச அமைப்பு, அதிகபட்சமாக எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்று வைத்திருக்கிறது: முதுகெலும்பில் 1.9 சதவீதம், முழு இடுப்பில் 1.8, தொடை எலும்பின் கழுத்தில் 2.5. பெருக்கிப் பார்த்தால் எல்லை 5.3, 5, 6.9.

உங்கள் அம்மாவின் இரண்டு எண்களும் இதற்குள்தான் நிற்கின்றன. டி-ஸ்கோரும் (இளவயதுப் பெண்களின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற எண்) இடுப்பில் கிட்டத்தட்ட -1.6-இலிருந்து -1.9 ஆகியிருக்கும். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கோட்டின்படி -1-க்கும் -2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பு மெலிவு. -2.5-க்கு வந்துவிட்டால் எலும்புத் தேய்வு நோய். அம்மா அன்றும் நடுவில்தான் இருந்தார், இன்றும் அங்கேதான்.

ஒரு வேலை செய்யுங்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில், "உங்கள் மெஷினுக்கு இந்த எல்லை எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒழுங்கான இடமாக இருந்தால் சொல்வார்கள்.

மார்ச் 4

"கொழுப்புக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம், எக்ஸ்ரேதான் ஊடுருவிப் போகுமே" என்று கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த மெஷின் இரண்டு வேறு சக்தியுள்ள எக்ஸ்ரே கதிர்களை அனுப்புகிறது. இரண்டு கதிர் இருந்தால் இரண்டு பொருளைத்தான் பிரித்துக் கணக்குப் போடலாம். உடம்பிலோ மூன்று இருக்கிறது: எலும்பு, தசை, கொழுப்பு. அதனால் மெஷின் ஒரு குறுக்கு வழி பிடிக்கிறது. எலும்புக்குப் பக்கத்தில், எலும்பே இல்லாத இடத்தைப் பார்த்து, அங்கே தசையும் கொழுப்பும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்துகொள்கிறது. எலும்புக்கு மேலேயும் கீழேயும் அதே விகிதம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கழித்துவிடுகிறது.

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாளியோடு நிறுத்து, வாளி எடையைக் கழிப்பார்கள். எல்லா வாளிக்கும் ஒரே எடை என்று கிராணி (குமாஸ்தா) எழுதி வைத்திருந்தால், அடியில் ஒட்டுப்போட்ட வாளி கொண்டுவந்தவருக்குப் பால் கூடுதலாக விழும். தராசில் கோளாறு இல்லை, கழித்த எண்ணில்தான் கோளாறு.

உடம்பு முழுக்கக் கொழுப்பு ஒரே சீராகப் பரவியிருந்தால் கழித்தல் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். ஆனால் மனித உடம்பில் அப்படி எங்கே இருக்கிறது? முதுகெலும்புக்கு நேர் முன்னால் தொப்பை, விலாப் பக்கம் வேறு கனம், வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றி வேறு. எலும்புக்கு நேராகக் கொழுப்பு அதிகமாகவும் பக்கத்தில் குறைவாகவும் இருந்தால் எலும்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். தலைகீழாக இருந்தால் அதிகமாகத் தெரியும்.

மாமாவின் வாதம் இடிக்கிற இடமே இதுதான். "கொழுப்பு போனது, அதனால் எண் இறங்கியது" என்று ஒரே திசையில் சொல்ல வழியில்லை. எந்த இடத்தில் எவ்வளவு போனது என்பதைப் பொறுத்து ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். மெஷின் கம்பெனிக்குக் கம்பெனி கணக்குப் போடும் முறையும் வேறு.

மார்ச் 5

குளுவாங் அண்ணே, "குண்டாக இருந்தால் எலும்பு கெட்டி, அதனால் எடையைக் குறைக்காமல் இருப்பதே மேல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரத்தச் சர்க்கரை 14-க்கு எகிறி நிற்பவரிடம் போய் இதைச் சொல்லிப்பாருங்கள்.

மார்ச் 9, சனி

அண்ணே கோபித்துக்கொண்டார் போல. சரி, அவர் பேச்சில் ஒரு உண்மை இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது.

எடை குறையும்போது மெஷின் ஏமாறுவது ஒரு பக்கம் என்றால், எலும்பு நிஜமாகவே கரைவது இன்னொரு பக்கம். பத்து சதவீதம் எடை இறங்கினால் இடுப்பு எலும்பில் சுமார் 1 முதல் 2 சதவீதம் போகும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு. உங்கள் அம்மா 71-இல் 15 கிலோ இழந்திருக்கிறார், அதாவது 21 சதவீதம். அப்படியானால் இடுப்பில் 2 முதல் 4 சதவீதம் போயிருக்கலாம். ஸ்கேன் காட்டுவதும் 4. மேலே இரண்டு வயதும் கூடியிருக்கிறது.

மார்ச் 3 குறிப்பில் "எல்லைக்குள் நிற்கிறது" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் இதையும் படியுங்கள். எல்லைக்குள் இருப்பதால் "மாறவில்லை" என்று ஆகிவிடாது. ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஏன் கரைகிறது? சுமை குறைந்ததால் எலும்புக்கு வேலை குறைகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சநஞ்சம் சுரப்பதே கொழுப்பில்தான், அதுவும் குறைகிறது. சோற்றைக் குறைக்கிறேன் என்று மீனையும் முட்டையையும் தயிரையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போய்விடுகின்றன.

நம் அம்மாமார்கள் தோளில் காண்டாக் கம்பு வைத்து, அதன் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்கள். அந்தச் சுமையே எலும்புக்குத் தீனி. இன்று தாமான் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தபடி எடையைக் குறைத்தால் எலும்புக்கு இரண்டு பக்கமும் அடி.

2017-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. உடல் பருத்த முதியவர்களை எடை குறைக்கவைத்தார்கள். நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இடுப்பு எலும்பு 3 சதவீதம் குறைந்தது. எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு அரை சதவீதம், இரண்டையும் கலந்து செய்தவர்களுக்கு 1 சதவீதம். காலையில் திடலைச் சுற்றி நடப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்த எண்களை இன்னொரு முறை படிக்கவும்.

மார்ச் 10

இது சும்மா சிரிக்க. கொழுப்பு மெஷினை எப்படி ஏமாற்றுகிறது என்று பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பன்றிக் கொழுப்பைப் பொட்டலம் கட்டி, ஆட்களின் மேல் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு அதேதான், ஆளும் அதே ஆள். கொழுப்பு மட்டும் கூடியது, எண் மாறியது. நோன்பு மாதம் தொடங்கப்போகிற நேரத்தில் இதை ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

மார்ச் 16

முதுகெலும்பு ஏறியதை யாரும் கண்டுகொள்ளவில்லையே. ஏறினால் சந்தோஷம்தானே என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் 60 வயதுக்கு மேல் முதுகெலும்பு எண்தான் சந்தேகத்துக்குரியது.

குனிந்து நிமிர்ந்து மரம் வெட்டிய முதுகில் தேய்மானம் வரும். முள்ளெலும்பின் ஓரத்தில் முளை மாதிரி எலும்பு வளரும். மெஷின் அதையும் சேர்த்து எண்ணும். முன்னால் ஓடும் பெரிய இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும் அது எலும்பாகக் கணக்காகும். முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் இன்னும் மோசம். அதே தாது சின்ன இடத்தில் அடைபட்டு நிற்பதால் அடர்த்தி கூடியதாகத் தெரியும். உடைந்த எலும்பு நல்ல மார்க் வாங்கும்!

அறிக்கையில் எல்1 முதல் எல்4 வரை, அதாவது கீழ்முதுகின் நாலு முள்ளெலும்புக்கும், தனித்தனி எண் இருக்கும். ஒன்று மட்டும் பக்கத்தில் உள்ளதைவிட டி-ஸ்கோரில் 1-க்கு மேல் தள்ளி நின்றால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை வைத்துப் பார்க்க வேண்டும். தங்கச்சி, அம்மாவின் தாளில் அந்த நாலு வரியைப் பாருங்கள்.

அப்புறம், மேசையில் ஏற்றும் முன் நான் கேட்டு அலுத்த கேள்விகள்: சேலையில் ஊக்கு இருக்கிறதா, உள்பாவாடை நாடாவில் சாவி முடிந்திருக்கிறீர்களா, அரைஞாண் வெள்ளியா, காலையில் கால்சியம் மாத்திரை சாப்பிட்டீர்களா. கரையாத கால்சியம் மாத்திரை வயிற்றில் கிடந்து முதுகெலும்புக்கு மேலே விழுந்தால் அதுவும் எலும்பு. ஒரு பாட்டி "எதுவும் இல்லை" என்று அடித்துச் சொன்னார். படத்தில் வட்டமாக ஒன்று தெரிந்தது. இடுப்பில் செருகியிருந்த துணிப்பையில் ஐம்பது காசு. மகனுக்குத் தெரியாமல் வைத்திருந்தாராம்.

மார்ச் 17

எடை மாறும்போது கவனிக்க வேண்டிய இன்னும் சில விஷயங்கள் நேற்று விட்டுப்போயின.

தொங்கும் வயிறு. 2022-இல் படுத்தபோது வயிற்று மடிப்பு இடுப்பு மூட்டின் மேல் வந்து விழுந்திருக்கலாம். தெரிந்த ஆள் எடுத்தால், "அம்மா, வயிற்றைக் கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பார். அவசரத்தில் எடுத்தால் கேட்கமாட்டார். இன்று மடிப்பே இல்லை. அப்படியானால் இரண்டு படமும் இடுப்பில் ஒரே பொருளை அளக்கவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காலை உள்பக்கம் ஒரே அளவுக்குத் திருப்பியிருக்கிறார்களா என்பதும் படத்திலேயே தெரியும். சரியாகத் திருப்பியிருந்தால் தொடை எலும்பின் உள்பக்கக் குமிழ் சின்னதாக இருக்கும், அல்லது தெரியவே தெரியாது.

சில மெஷின்கள் உடம்பின் கனத்தைப் பார்த்து ஸ்கேன் முறையைத் தானே மாற்றும். லூனார் என்ற வகை மெஷினில் வயிற்றுக் கனம் 25 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒரு முறை, அதற்குள் இருந்தால் வேறு முறை. இளைத்தவர் ஒரு முறையிலிருந்து மற்றதற்கு விழுந்தால் அதனாலேயே எண் நகரலாம். அறிக்கையில் முறையின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும்.

இன்னொன்று எனக்கே முதலில் வேடிக்கையாக இருந்தது. அதே லூனார் வகையில் இஸட்-ஸ்கோரை எடைக்கும் சேர்த்துச் சரிசெய்கிறார்கள். உங்கள் வயது, உங்கள் எடை உள்ள ஆளோடு ஒப்பிடுகிறார்கள். ஆகவே எலும்பில் ஒரு துளி மாறாவிட்டாலும், எடை குறைந்தால் இஸட்-ஸ்கோர் நல்லபடியாகத் தெரியும். இளைத்தவர்களோடு ஒப்பிட்டால் யாரும் கெட்டிக்காரர்தானே! தொடர்ந்து பார்க்கிறவர்கள் ஸ்கோரை விட்டுவிட்டு கிராம் எண்ணை மட்டும் பாருங்கள்.

ஹோலாஜிக் என்ற இன்னொரு வகை மெஷினின் எண்ணையும் லூனார் எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. லூனார் பொதுவாக அதிகமாகக் காட்டும். "விலை குறைவு" என்று அடுத்த தடவை வேறு இடத்துக்குப் போனால், இருபது வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடித்து பழைய ஸ்கேனைக் குப்பையில் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 23

கோயில் மண்டபத்தில், பேரங்காடி வாசலில் எல்லாம் இலவசமாகக் குதிகாலை வைத்துப் பார்க்கிறார்களே, அது கணக்கில் வருமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது எக்ஸ்ரே இல்லை, ஒலியலை. அதிலும் டி-ஸ்கோர் என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். ஆனால் -2.5 என்ற கோடு அதற்குப் பொருந்தாது. குதிகாலைச் சுற்றியுள்ள சதையும் வீக்கமும் அதையும் கெடுக்கும். வரிசையில் முன்னால் நின்ற அக்காவுக்கு "எலும்பு 80 வயது" என்று சொல்லி, கையோடு பால் மாவு டின்னையும் விற்றதை நானே பார்த்திருக்கிறேன். பெரிய ஸ்கேனுக்குப் போகலாமா என்று யோசிக்கவைத்தால் அந்தக் குதிகால் பரிசோதனை தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

அதைவிட எளிமையான கணக்கு ஒன்று ஆசியப் பெண்களுக்கென்றே இருக்கிறது. பெயர் ஓஸ்டா. எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2-ஆல் பெருக்கினால் போதும், புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடலாம். -1-க்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு, -1 முதல் -4 வரை நடுத்தரம், -4-க்குக் கீழே போனால் அதிகம்.

உங்கள் அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். 2022-இல் 71 கழித்தல் 62, அது 9. பெருக்கினால் 1.8, அதாவது 1. இன்று 56 கழித்தல் 64, அது -8. பெருக்கினால் -1.6, அதாவது -1. எலும்பைத் தொடாமலேயே ஆள் குறைந்த ஆபத்திலிருந்து நடுத்தரத்துக்கு வந்துவிட்டார். மாமா இதையும் "கணக்கு பொய் சொல்கிறது" என்பார். பொய் இல்லை, மாமா. மெலிந்த உடம்புக்கு எலும்பு முறியும் வாய்ப்பு நிஜமாகவே அதிகம். விழுந்தால் தாங்க இடுப்பைச் சுற்றி மெத்தை இல்லை, பாருங்கள்.

மார்ச் 31

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், ஆனால் எடையும் எலும்பும் சேர்ந்துதான் வருகிறது.

இந்த இழையில் ஒருவர், தன் மாமியார் முட்டிவலிக்கு ஒரு நாட்டு மருந்து சாப்பிட்டு எடை ஏறியிருப்பதாகவும், முகம் உருண்டையாகி நல்ல தெம்பாக இருப்பதாகவும், எலும்புக்கும் நல்லதுதானே என்றும் எழுதியிருக்கிறார். அம்மா, அந்தப் பொட்டலத்தை உடனே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதாரக் கிளினிக்) எடுத்துக்கொண்டு போங்கள். வலி மாயமாக மறைந்து, பசி எடுத்து, முகம் மட்டும் ஊதினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் கண்டுபிடித்ததாக நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பல முறை எச்சரித்திருக்கிறது. அது எடையை ஏற்றும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை மட்டும் இறக்கும். அதற்காகப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இங்கே எடை ஏறி எலும்பு போகிறது. குளுவாங் அண்ணே கவனிக்கவும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தங்கச்சி போய்க் கேட்டுவிட்டார். பலே! அந்த இடத்தின் சொந்த எல்லை முழு இடுப்பில் 0.023, முதுகெலும்பில் 0.036.

இப்போது கதை மாறுகிறது. இடுப்பில் இறங்கியது 0.030, எல்லையைத் தாண்டிவிட்டது. முதுகெலும்பில் ஏறியது 0.031, எல்லைக்குள்ளேயே நிற்கிறது, ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மார்ச் 3-இல் நான் எடுத்தது ஐ.எஸ்.சி.டி.யின் அதிகபட்ச எல்லை. இந்த இடத்தில் கை பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் எல்லை குறுகியது.

ஆனால் இரண்டு நாளாக இன்னொன்று மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த எல்லையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 30 பேரை இரண்டு முறை, அல்லது 15 பேரை மூன்று முறை எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே உட்காரலில். நடுவில் யாரும் 15 கிலோ இளைப்பதில்லை. ஆக, அந்த 0.023-க்குள் படுக்கவைக்கும் ஆட்டம் இருக்கிறது, மெஷினின் ஆட்டம் இருக்கிறது. கொழுப்பு இடம் மாறியதால் வரும் பிசகு அதில் இல்லவே இல்லை. எடை நிலையாக இருக்கும் ஆளுக்குப் போட்ட எல்லையை எடை கொட்டிப்போன ஆளுக்கு அப்படியே வைத்துப் பார்க்கிறோம்.

அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு உண்மையான எல்லை 0.023-ஐ விடப் பெரியது. எவ்வளவு பெரியது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. மாமாவுக்கு இந்த இடத்தில் ஒரு மார்க் கொடுத்தே ஆகவேண்டும், வேறு காரணத்துக்காக இருந்தாலும்.

என் கணிப்பைக் கேட்டால், எலும்பு கொஞ்சம் போயிருக்கிறது. 4 சதவீதம் முழுசாகப் போயிருக்காது, ஒன்றுமே போகவில்லை என்றும் நம்பமாட்டேன்.

ஏப்ரல் 15

புத்தாண்டு வாழ்த்து அனுப்பியவர்களுக்கு: வந்தது, பார்த்தேன். கூடவே வந்த பால்கோவா படங்களையும் பார்த்தேன். இனிப்புநீர் பற்றிய இழையில்!

அது போகட்டும். இனிப்புநீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதை முன்பே எழுதியிருக்கலாம். இரண்டாம் வகை இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஸ்கேன் எண் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், சமயத்தில் மற்றவர்களைவிட அதிகமாகவும் இருக்கும். ஆனாலும் எலும்பு முறிவு அவர்களுக்குத்தான் கூடுதல். எலும்பின் அளவு இருக்கிறது, தரம் இல்லை. ஃபிராக்ஸ் என்ற ஆபத்துக் கணக்கில் எடை, உயரம், வயது, புகைப்பழக்கம் எல்லாம் கேட்பார்கள், இரண்டாம் வகை இனிப்புநீருக்குத் தனிக் கட்டம் இல்லை. ஆகவே ஃபிராக்ஸ் சொல்லும் சதவீதமும் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும்.

டாக்டர் எதற்கு மாத்திரைப் பேச்சை எடுத்தார் என்பது இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. அவர் அந்த 0.030-ஐ மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கமாட்டார்.

ஏப்ரல் 16

கோலக்கங்சார் அக்கா, கதிர்வீச்சு பற்றிக் கேட்டீர்கள். சில மைக்ரோ சீவர்ட் மட்டுமே. சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே ஒரு நாளில் இயற்கையாக அந்த அளவு உடம்பில் ஏறிவிடுகிறது. அதற்குப் பயந்து ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம்.

ஏப்ரல் 27, சனி

தங்கச்சி பழைய படத்தையும் வாங்கிவிட்டார், எனக்கும் அனுப்பினார். எதிர்பார்த்தபடியே, 2022 படத்தில் இடுப்பு மூட்டின் மேல்பக்கம் வயிற்று மடிப்பின் நிழல் விழுந்திருக்கிறது. இந்த வருஷப் படம் சுத்தம். காலைத் திருப்பியது இரண்டிலும் ஒரே மாதிரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதுகெலும்பில் எல்4 மட்டும் தனியாக எகிறி நிற்கிறது, தேய்மானம். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் ஏற்றமே இல்லை.

அம்மாவின் உயரத்தையும் அளக்கச் சொன்னேன். இளவயதில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். சிவப்பு அடையாள அட்டை காலத்திலிருந்து அவர் உயரத்தை யாரும் அளக்கவில்லையாம். கல்யாணப் படத்தில் அப்பாவின் தோளுக்கு எங்கே வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது உதவாது, அப்பாவும் குறைந்திருப்பார்.

டாக்டரிடம் பேசிவிட்டார்கள். முடிவு இது: வைட்டமின் டி பரிசோதனை, புரதம் கூட்டுவது, உடற்பயிற்சிச் சிகிச்சையில் எடை தூக்கும் பயிற்சி. மாத்திரை பற்றி, பக்கவாட்டு எக்ஸ்ரே வந்த பிறகு பேசலாம் என்றாராம். நசுங்கிய முள்ளெலும்பு ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எண்ணைப் பார்க்காமலே மாத்திரை தொடங்கவேண்டியதுதான், நானும் அதைத்தான் சொல்வேன். அடுத்த ஸ்கேன் ஒரு வருஷம் கழித்து, அதே மெஷினில், எடை 56-ஐ ஒட்டி நின்றால். இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் எண் வரும், அர்த்தம் வராது. இனி இந்த வருஷத்து ஸ்கேன்தான் அம்மாவுக்குத் தொடக்கக் கோடு. 2022-ஐ ஓரமாக வைத்துவிடலாம்.

கடைசியாக, எடை மிக அதிகமாக இருப்பவர்களை மேசை தாங்காது என்று திருப்பி அனுப்பியதாக ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். பழைய மேசைகளுக்கு 136 கிலோ வரைதான், புதியவற்றில் சில 204 கிலோ வரை தாங்கும். இடுப்பும் முதுகும் எடுக்க முடியாவிட்டால் முன்கையில் எடுக்கலாம், விதியே அப்படித்தான் சொல்கிறது. அடுத்த தடவை போகும் முன் ஃபோன் போட்டு, "முன்கை எடுப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.